பாதித் தீவு போதும்: ஹொக்கைடோ கார்ப் பயணம் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் கார் ஓட்டியதைப் பற்றிச் சின்னதாக எழுதியிருந்தேன். அதிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன். முதல் கடிதத்துக்கான பதில் கொஞ்சம் நீளம். மற்றவர்களுக்கும் அது உதவும் என்பதால் சுருக்க மனம் வரவில்லை.

அக்கா, அடுத்த ஓகஸ்ட் விடுமுறைக்கு ஹொக்கைடோ போக யோசிக்கிறோம். நான், கணவர், 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், என் அப்பா. டோக்கியோவைக் கழித்தால் 8 இரவுகள் இருக்கின்றன. சப்போரோவில் கார் எடுத்து ஹக்கோடாதே, ஒட்டாரு, ஃபுரானோ, வக்கனாய், ஷிரெத்தொக்கோ, குஷிரோ என்று தீவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு சப்போரோவிலேயே காரைக் கொடுக்கலாம் என்கிறார் கணவர். லவெண்டர் பூ கட்டாயம் பார்க்க வேண்டும். அப்பா கனகாலம் கொழும்பு–யாழ்ப்பாணம் லொறி ஓடியவர், தானும் ஓட்டுவேன் என்று நிற்கிறார். திட்டம் சரிவருமா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

சரிவராது. கணவர் கோபிக்க வேண்டாம், வரைபடத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஜப்பான் படத்தில் மேல் மூலையில் கிடக்கும் அந்தத் தீவு பரப்பில் முழு இலங்கையையும் விடப் பெரியது. சனம் மட்டும் ஏறக்குறைய 50 இலட்சம்தான். சப்போரோவிலிருந்து தெற்கே ஹக்கோடாதே 300 கிலோமீற்றர் அளவில், வடக்கே வக்கனாய் 300ஐத் தாண்டும், கிழக்கே ஷிரெத்தொக்கோ தீபகற்பத்தில் உள்ள உத்தோரோ ஊர் 400ஐ நெருங்கும். மூன்றும் மூன்று திசை. அதிவேக வீதியை விட்டால் வேக எல்லை பெரும்பாலும் மணிக்கு 60. உங்கள் பட்டியலை முழுக்க ஓடினால் கொழும்பு–யாழ்ப்பாணம் தூரத்தைப் போல நாலு மடங்குக்கு மேல் வரும். நாலு வயதுப் பிள்ளை பின் சீற்றில் கட்டுண்டு கிடக்க, பெரியவர்கள் ஹோட்டல் வாசலைத் தவிர எதையும் பார்க்காமல் திரும்புவீர்கள்.

பாதித் தீவை எடுங்கள். ஹக்கோடாதே, ஒட்டாரு, வக்கனாய் மூன்றையும் வெட்டுங்கள், சப்போரோவையும்தான். டோக்கியோ ஹனேதாவிலிருந்து அசஹிகாவாவுக்கு உள்ளூர் விமானத்தில் போய் அந்த விமான நிலையத்திலேயே கார் எடுங்கள். கிழக்கே ஓடிக் குஷிரோவில் காரைக் கொடுத்துவிட்டு அங்கிருந்து டோக்கியோவுக்குப் பறந்துவிடலாம். வேறு ஊரில் காரைக் கொடுத்தால் தனிக் கட்டணம் எடுப்பார்கள். யோசிக்காமல் கட்டுங்கள், வந்த வழியே திரும்பி ஓடும் ஒரு முழு நாள் மிச்சமாகும். ஒன்று கவனம்: கட்டுநாயக்கவிலிருந்து ஸ்ரீலங்கன் நேர்விமானம் இறங்குவது நரித்தா விமான நிலையத்தில். ஹனேதா டோக்கியோவின் மறுபக்கம். பிள்ளைகளோடு அதே நாளில் மாற வேண்டாம், அன்றிரவு டோக்கியோவில் தங்கிவிடுங்கள்.

முதல் மூன்று இரவுகள் பியேய். அசஹிகாவா விமான நிலையத்திலிருந்து இருபது நிமிஷம்கூட எடுக்காது. உருளைக்கிழங்கு, கோதுமை, சோளம், பீற் என்று ஒவ்வொரு குன்றும் ஒவ்வொரு நிறம். லவெண்டர் விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: அதன் உச்சம் ஜூலை நடுப்பகுதி. ஓகஸ்ட் கடைசியில் நக்காஃபுரானோவில் உள்ள ஃபார்ம் டொமித்தாவுக்குப் போனாலும் லவெண்டர் வயல்கள் வெட்டி முடிந்திருக்கும். ஆனால் பியேயில் ஷிக்கிசாய்-நோ-ஓக்கா என்ற பூந்தோட்டக் குன்றில் சல்வியாவும் மரிகோல்டும் அப்போதும் வரிசை வரிசையாய் நிற்கும். லவெண்டருக்காகத்தான் போகிறீர்கள் என்றால் பயணத்தையே ஜூலைக்கு மாற்றுங்கள், வேறு வழி இல்லை.

நீலக்குளத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், சுற்றுலா பஸ்கள் வந்தபின் நிற்க இடம் இராது. அது இயற்கையாக உண்டான குளம் அல்ல. 1988இல் தொக்காச்சி எரிமலை வெடித்தபின் சேறு ஊருக்குள் இறங்காமல் இருக்கக் கட்டிய தடுப்பில் நீர் தேங்கி வந்தது. மேலே அருவியிலிருந்து வரும் அலுமினியம் கலந்த நீர் ஆற்று நீரோடு சேர்ந்து நுண்துகள்களாகி அந்த நீலத்தைக் காட்டுகிறது. காற்று இல்லாத நேரத்தில், பட்டுப்போன மரங்கள் நீருக்குள் தலைகீழாய் அசையாமல் நிற்கும். மேகம் ஒன்று கடந்தால் நீலம் பச்சைக்குப் போய்ப் பிறகு பால் கலந்தது போலாகும். நான் கரையில் நின்று அந்த நிற மாற்றத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், ஃபோனை எடுக்கவே தோன்றவில்லை.

பியேயில் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்: வீதி ஓரத்தைத் தாண்டி வயலுக்குள் ஒரு அடிகூட வைக்கக்கூடாது. சப்பாத்து மண்ணோடு பயிர் நோய் வரும், ஒரு விவசாயியின் வருஷ உழைப்புப் போய்விடும். ‘தத்துவ மரம்’ என்று பேர் பெற்ற ஒரு பொப்லர் மரம் அங்கே இருந்தது. படமெடுக்க வந்தவர்கள் வயலுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். 2016இல் சொந்தக்காரர் அதை வெட்டிச் சாய்த்துவிட்டார். வயது போன மரம் என்பதும் ஒரு காரணம். என்றாலும் சுற்றுலாவுக்குப் போகும் நாங்கள் எல்லோரும் வெட்கப்பட வேண்டிய கதை அது.

பியேயில் இருந்தபடியே ஒரு நாள் அசஹிதாக்கே போய் வரலாம். 2,291 மீற்றர், தீவின் மிக உயர்ந்த மலை. ரோப்வே பத்து நிமிஷத்தில் 1,600 மீற்றருக்கு ஏற்றிவிடும். மேலே கல்லும் குளமும் மலைச்சரிவிலிருந்து சீறும் புகையுமாக ஒரு மணி நேரச் சுற்றுப் பாதை உண்டு. ஓகஸ்டிலும் ஜக்கெற் வேண்டும். கல்லில் நடக்க அப்பாவுக்கு முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் ரோப்வே நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்து பார்க்கலாம்.

நாலாவது இரவு சோவுன்க்கியோ. செங்குத்தான பாறைச் சுவர்களும் இரண்டு பெரிய அருவிகளும். ஒரு இரவு போதும்.

அடுத்த நாள்தான் பயணத்திலேயே நீளமான ஓட்டம், உத்தோரோவுக்கு 200 கிலோமீற்றருக்கு மேல். காலையிலேயே வெளிக்கிடுங்கள். வழியில் ‘மிச்சி-நோ-எக்கி’ என்ற வீதியோர நிலையங்கள் வரும். சுத்தமான கழிவறை, வாகனம் நிறுத்த இடம், அந்த ஊர் விளைச்சல் விற்கும் கடை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நில்லுங்கள், பிள்ளைகளை ஓட விடுங்கள். ஒரு நிலையத்தில் ஒரு வயதான அம்மா மெலன் பழத்தை எட்டாக வெட்டி, விதையை வழித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு குச்சி குத்தித் தந்தார். சாறு முழங்கை வரை வழிந்தது. அந்தத் துண்டுக்காகவே திரும்பவும் அந்த வீதியில் ஓடலாம் என்றிருந்தது.

உத்தோரோவுக்கு முன், ஷாரி ஊர்ப் பக்கம், ஏறக்குறைய 28 கிலோமீற்றர் நேர்கோடாய்ப் போகும் ஒரு வீதி இருக்கிறது. வாகனம் குறைவு. அந்த இடத்தில் ஸ்டியரிங்கை அப்பாவிடம் கொடுங்கள். ஏ9 வீதியில் வயதைக் கழித்த மனுஷனுக்கு அந்த மரியாதையைச் செய்ய வேண்டும். ஆனால் கார் எடுக்கும்போதே அவர் பேரையும் சாரதியாகப் பதிய வேண்டும், அவருக்கும் சர்வதேச அனுமதிப்பத்திரம் வேண்டும். பேர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது நடந்தால் காப்புறுதி ஒரு சதமும் தராது.

உத்தோரோவில் இரண்டு இரவுகள். ஷிரெத்தொக்கோ 2005 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமை. அங்குள்ள ஐந்து ஏரிகளில் முதலாவது ஏரிவரை 800 மீற்றர் நீள மரப்பாலம் உயரத்தில் போகிறது. கரடி ஏறாதபடி கீழே மின்வேலி. படி இல்லை, அப்பாவும் சின்னவரும் தாராளமாக நடக்கலாம். பிறகு 738 மீற்றர் உயர ஷிரெத்தொக்கோ கணவாயைத் தாண்டி மறுபக்கம் ரவுசுவுக்கு இறங்குங்கள். வெளிச்சமான நாளில் கடலுக்கு அப்பால் குனாஷிர் தீவு தெரியும்.

கடைசி இரண்டு இரவுகள் குஷ்ஷாரோ ஏரி. அதன் கரையில் சுனாயு என்ற இடத்தில் மணலைக் கையால் தோண்டினால் சுடுநீர் ஊறும். உங்கள் பிள்ளைகள் அங்கிருந்து வரமாட்டார்கள், அரை நாள் ஒதுக்குங்கள். பக்கத்தில் மஷூ ஏரி. 1931இல் அளந்தபோது 41.6 மீற்றர் ஆழம் வரை தெளிந்து தெரிந்த நீர் அது, ஆனால் கோடையில் அடிக்கடி மூடுபனி மறைத்துவிடும். காலையில் தெரியாவிட்டால் மாலையில் திரும்பப் போய்ப் பாருங்கள். குஷிரோவுக்குப் போகும் கடைசி நாளில் அக்கான் ஏரியோரம் ஐனு மக்களின் குடியிருப்பில் இறங்கி, மரச் சிற்பக் கடைகளையும் நடன அரங்கையும் பாருங்கள். ஹொக்கைடோ அவர்களுடைய மண். 2019இல்தான் ஜப்பான் சட்டம் அவர்களைப் பூர்வகுடிகள் என்று எழுத்தில் ஏற்றது. அதைப் பார்க்காமல் பூவையும் ஏரியையும் மட்டும் பார்த்து வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓகஸ்ட் 13 முதல் 16 வரை ஓபோன் விடுமுறை, ஜப்பானே வீதியில் இருக்கும். முடிந்தால் 20க்குப் பிறகு போங்கள். 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம், காரோடு சேர்த்தே கேளுங்கள். ஐந்து பேரும் பெட்டிகளும் சின்னக் காரில் அடங்காது, நோவா மாதிரி வான் எடுங்கள். விசா விண்ணப்பத்தோடு நாள் வாரியாகப் பயணத்திட்டம் கொடுக்க வேண்டும். ஆகவே கட்டணம் இல்லாமல் ரத்துச் செய்யக்கூடிய அறைகளாகப் பார்த்து இப்போதே பிடித்துவிடுங்கள்.

இலங்கை லைசன்ஸை வைத்து ஜப்பானில் ஓட்டலாமா? இணையத்தில் சர்வதேச லைசன்ஸ் விற்கிறார்களே, அது செல்லுமா?
– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

இலங்கை லைசன்ஸ் தனியே செல்லாது. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைப்படி வழங்கிய சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். இலங்கை அந்த உடன்படிக்கையில் இருப்பதால் எங்களுக்குச் சிக்கல் இல்லை. கொழும்பு 3இல், காலிமுகத்திடலுக்குக் கிட்ட உள்ள ஒட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோனில் எடுக்கலாம். இணையத்தில் விற்கும் அட்டைகளை வாங்கவே வாங்காதீர்கள். கார் தரும் இடத்தில் திருப்பி அனுப்புவார்கள், தப்பித்தவறி ஓட்டினால் லைசன்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம். கையில் இருக்க வேண்டியவை மூன்று: அந்தப் பத்திரம், இலங்கை லைசன்ஸ், பாஸ்போர்ட். பிரதி எடுத்ததைக் காட்ட முடியாது.

அங்கேயும் இடப்பக்கம்தானே ஓட்டுகிறார்கள். எங்களுக்கு என்ன கஷ்டம் இருக்கும்?
– ஒரு வாசகர், வத்தளை

இடப்பக்கம்தான், வலது ஸ்டியரிங்தான், காரும் பழகிய கார்தான். கொழும்பில் ஓடும் ஜப்பான் கார்களில் பல, ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு பெண் குரலில் ஏதோ சொல்லும். அநேகமாக அது கட்டண வீதிக்கான ஈடிசி கார்ட் போடவில்லை என்ற அறிவிப்பு. அங்கே அந்தக் கார்டை வாடகைக் கம்பனியிலேயே எடுக்கலாம். வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஹொக்கைடோ எக்ஸ்பிரஸ்வே பாஸ் என்று ஒரே கட்டணத்தில் ஒரு திட்டமும் உண்டு. மேலே வெள்ளவத்தை வாசகிக்குச் சொன்ன பாதைக்கு அது தேவைப்படாது.

மாற்ற வேண்டியது எங்கள் பழக்கத்தைத்தான். ரயில் கடவையில் தடை திறந்திருந்தாலும் காரை முற்றாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் தாண்ட வேண்டும். தலைகீழான சிவப்பு முக்கோணப் பலகை கண்டால் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், மெதுவாக உருட்டிப் போவதைப் பொலிஸ் மறைவில் நின்று பிடிக்கும். மஞ்சள் கடவையில் போலவே அங்கே வெள்ளைக் கோட்டுக் கடவையிலும் ஒருவர் கடக்க நின்றாலே நீங்கள் நிற்க வேண்டும். முந்துவதற்கு ஹோர்ன் அடிக்காதீர்கள், அதைச் சண்டைக்கு இழுப்பதாக எடுப்பார்கள். குடித்துவிட்டு ஓட்டினால் சாரதிக்கு மட்டுமல்ல, தெரிந்துகொண்டு கூட ஏறியவருக்கும் தண்டனை. சின்ன உரசல் என்றாலும் 110க்கு அழைத்துப் பொலிஸில் பதியுங்கள். பதியாவிட்டால் காப்புறுதி இல்லை.

இருட்டியபின் கிராமப்புறத்தில் ஓட்டாதீர்கள். கிழக்கு ஹொக்கைடோவில் ஓகஸ்ட் கடைசியிலேயே ஆறு மணியளவில் சூரியன் மறைந்துவிடும். அந்த நேரம் பார்த்து மான்கள் வீதிக்கு வரும். ஒன்று கடந்தால் உடனே வேகம் எடுக்க வேண்டாம், பின்னால் இன்னொன்று வரும். நான் ரவுசுவிலிருந்து இறங்கும்போது ஒரு பெரிய மான் நடு வீதியில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு மெல்ல ஓரம் போனது. அதன் பின்னால் இரண்டு குட்டிகள்.

பெற்றோல் பாதி குறைந்ததும் நிரப்புங்கள். சின்ன ஊர்களில் பெற்றோல் நிலையங்களை நேரத்தோடு பூட்டிவிடுவார்கள். பம்பில் சிவப்புப் பிடி சாதாரண பெற்றோல், மஞ்சள் உயர்தரம், பச்சை டீசல். ‘ரெகுலர், மந்தான்’ என்றால் முழுதாக நிரப்பித் தருவார்கள். வழிகாட்டிக் கருவியில் ஊர்ப் பேர் அடிக்கத் தெரியாவிட்டால், போகும் இடத்தின் தொலைபேசி இலக்கத்தை அடித்தால் போதும்.

நாங்கள் சுத்த சைவம். ஹொக்கைடோவில் பட்டினி கிடக்க வேண்டி வருமா?
– ஒரு குடும்பம், பம்பலப்பிட்டி

வராது, ஆனால் சமைக்கத் தயாராகப் போங்கள். ஜப்பானியச் சமையலில் பெரும்பாலான சூப்புக்கும் குழம்புக்கும் அடிப்படை காய்ந்த மீனில் இறக்கிய சாறு. மீன் துண்டு கண்ணில் படாது, ஆனால் மிசோ சூப்பில் இருக்கும், சோபா நூடில்ஸ் தொட்டுச் சாப்பிடும் சோஸில் இருக்கும். சப்போரோவின் சூப் கறியில் மரக்கறி நிறைய மிதந்தாலும் சாறு அநேகமாகக் கோழி. ‘மீன், இறைச்சி, மீன் சாறு எதுவும் சாப்பிடுவதில்லை’ என்று ஜப்பானிய மொழியில் எழுதி ஃபோனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

குசினி உள்ள கொட்டேஜாகப் பார்த்து எடுங்கள், பியேய், ஃபுரானோ பக்கம் கிடைக்கும். வீதியோர நிலையங்களில் உருளைக்கிழங்கு, சோளம், வெங்காயம், தக்காளி, பூசணி எல்லாம் அன்றைக்குப் பிடுங்கியதாக இருக்கும். அந்த உருளைக்கிழங்கை அவித்து வெண்ணெய் மட்டும் வைத்துச் சாப்பிட்டேன், வேறு கறி தேடவில்லை. கடையில் அடைத்து விற்கும் தூள் பைக்கற்றை இங்கிருந்து கொண்டு போகலாம். பருப்பு, பச்சைக் கறிவேப்பிலை, பழம், மரக்கறி எதுவும் பெட்டிக்குள் வைக்காதீர்கள், தாவரச் சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள். கூட வரும் மச்சக்காரருக்கும் சொல்லுங்கள்: இறைச்சி சேர்ந்த பொருள் எதுவும், ரின்னில் அடைத்ததாக இருந்தாலும், சான்றிதழ் இல்லாமல் கொண்டு போக முடியாது. அவசரத்துக்கு செய்கோமார்ட் என்ற கடை தீவெங்கும் உண்டு. உப்புப் போட்ட வெறும் சோற்றுருண்டை, பால், பாண் அங்கே வாங்கலாம்.

அக்கா, பெப்ரவரியில் நண்பர்களோடு போய்ப் பனியில் கார் ஓட்ட ஆசை. ஏதாவது குறிப்பு?
– ஒரு வாசகர், தெஹிவளை

தம்பி, ஓட்டாதீர்கள். வாடகைக் காரில் பனிச் சக்கரம் போட்டுத்தான் தருவார்கள், அது எங்களைக் காப்பாற்றாது. கறுப்பாய் ஈரம் போலத் தெரியும் வீதி முழுக்கக் கண்ணாடிப் பனியாக இருக்கும். பிரேக் மிதித்தால் கார் நிற்காமல் வழுக்கும். காற்று எழுந்தால் முன்னால் போகும் காரின் விளக்கே மறையும். அங்கே வீதி ஓரங்களில் உயரமான கம்பத்தில் சிவப்பு வெள்ளை அம்புக்குறி கீழ் நோக்கித் தொங்கும். வீதியின் விளிம்பு எங்கே முடிகிறது என்று பனிக்குள் காட்டத்தான் அது. ஷிரெத்தொக்கோ கணவாயை நவம்பர் முதல் ஏப்ரல் வரை பூட்டியே விடுவார்கள்.

பெப்ரவரிக்கு ரயில் எடுங்கள். சப்போரோவில் பனித் திருவிழா பார்த்துவிட்டு, அசஹிகாவாவில் இறங்கி அசஹியாமா மிருகக்காட்சிச்சாலையில் பென்குயின்கள் பனியில் ஊர்வலம் போவதைப் பாருங்கள். அங்கிருந்து ஒஹோட்ஸ்க் என்ற கடுகதி ரயிலில் அபஷிரி. ஜன்னலோரம் இருந்தபடி பனிக்காட்டைப் பார்க்கலாம், யாரும் வீதியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அபஷிரியில் கடலை மூடி மிதந்து வரும் பனிப்பாளங்களை உடைத்துக்கொண்டு போகும் கப்பலில் ஏறுங்கள். கார் ஓட்டத்தான் வேண்டும் என்றால் ஜூனில் வாருங்கள்.

கரடி உண்மையிலேயே வருமா?
– ஒரு சிறுமி, மட்டக்குளி

வரும், கண்ணம்மா. ஹொக்கைடோவில் இருப்பது பெரிய பழுப்புக் கரடி. காரில் இருந்து கண்டால் இறங்கக் கூடாது, சாப்பாடு போடவே கூடாது. மனுஷச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடி ஊருக்குள் வரும், பிறகு அதைச் சுட்டுவிடுவார்கள். நரியும் வரும், பார்க்க நாய்க்குட்டி மாதிரி இருக்கும். அதையும் தொடாதே. அதன் உடம்பில் உள்ள ஒரு புழு மனுஷருக்கும் நோய் தரும். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஆசை தீரப் பார்.

வெந்நீர்க் குளியலில் உடுப்பு இல்லாமல்தான் இறங்க வேண்டுமாமே. எனக்கும் என் மாமியாருக்கும் அது முடியாது. அந்த ஊர்களில் தங்குவதில் பயன் உண்டா?
– ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

உண்டு. பொதுக் குளியலில் பெண்களுக்குத் தனி இடம், ஆனால் உடுப்பில்லாமல்தான். கூச்சமாக இருந்தால் ‘கஷிகிரி’ என்று கேளுங்கள். குறித்த நேரத்துக்கு உங்கள் குடும்பத்துக்கு மட்டும் பூட்டித் தரும் குளியலறை அது. எல்லா ஹோட்டலிலும் இராது, அதனால் அறை பிடிக்கும்போதே கேட்டு நேரத்தையும் குறித்துவிடுங்கள். போனபின் கேட்டால் நல்ல நேரம் எல்லாம் போயிருக்கும். அதுவும் வேண்டாம் என்றால் சோவுன்க்கியோவிலும் அக்கானிலும் கால் மட்டும் நனைக்கும் தொட்டிகள் வெளியிலேயே உண்டு. மாமியாரை அதில் கால் வைத்து இருக்கச் சொல்லுங்கள், காசும் இல்லை. ஒரு துவாய் மட்டும் கொண்டு போங்கள்.